அறியாமைச் சான்றிதழ்

எங்கள் மருத்துவமனையில் ஒருவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை நிரூபிக்க மொத்தம் பதினொரு கையெழுத்து தேவைப்பட்டது. அவருக்கு எல்லாம் தெரியும் என்பதற்குப் பன்னிரண்டு வருடமாக ஒரு கையெழுத்துகூட யாரும் கேட்டதில்லை.

நான் ஆத்மநாதன். அரிமளம் சாலையில் நாற்பது படுக்கையோடு இருக்கும் சௌபாக்கிய சுந்தரம் மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவு. டைப் அடிப்பது, மனு எழுதுவது, கூட்டம் நடந்தால் குறிப்பெடுப்பது எல்லாம் என் தலையில். இங்கே சொல்லப்போவது முழுவதும் நானே அடித்த காகிதங்களில் உள்ளதுதான். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நேரில் வந்து ஃபைலைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. பூட்டு கிடையாது.

சுகுணா வல்லத்திராக்கோட்டைக்காரர். முப்பத்தாறு வயது. இரண்டு வருடத் துணைச் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு எங்கள் வார்டுக்கு வந்தவர். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காத கைகளில் நரம்பு கண்டுபிடிக்க இந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெரிய டாக்டரே இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டு, "சுகுணாவக் கூப்பிடுங்கப்பா" என்பார். சுகுணா வருவார், கையைத் தடவுவார், "ஏத்தா, காலையில என்ன சாப்புட்ட?" என்று கேட்பார். படுத்திருக்கும் நோயாளி பதில் சொல்லி முடிப்பதற்குள் பாட்டிலில் சொட்டு இறங்கிக்கொண்டிருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு குறை, பட்டம் இல்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பம் வாங்கி வைத்த வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். நாலு வருடப் படிப்பு இரண்டு வருடப் படிப்பானது. அதற்குப் பிறகு வார்டுக்கு வருகிற சின்னப் பெண்கள் எல்லாம் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள். சுகுணா அவர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நாலு எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். நான் கவனித்திருக்கிறேன்.

போன மே மாதம் சுற்றறிக்கை வந்தது. எங்கள் நிர்வாக அலுவலர் உதயசூரியன் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். அடுத்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பட்டம் பெற்றவர்கள், அல்லது பட்டப் படிப்பில் சேர்ந்திருப்பவர்கள் மட்டுமே வார்டில் நிற்கலாம். மற்றவர்கள் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றப்படுவார்கள். கவலை வேண்டாம், உன்னதத் திறன் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. திட்டத்தின் பெயர் "பணியோடு பட்டம்." மூன்று வருடம் இங்கேயே வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அதுவரை இவர்களுக்குத் தொழிற்பழகுநர் என்று பெயர்.

சுகுணா சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். "ஆத்மநாதண்ணே, இது பட்டந்தானே? கவுனு போட்டுக் குடுப்பாகளா?" என்று கேட்டார். குடுப்பாங்க என்றேன். அன்றைக்கு மத்தியானம் வார்டு முழுக்க அவர் குரல்தான் கேட்டது. துணி துவைக்கும் பகுதி என்ற வரியை அவர் படித்தாரா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. படித்திருந்தார். "வார்ட விட்டுப் போகச் சொன்னா எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்ணே," என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்.

பல்கலைக்கழகத்திலிருந்து அரவிந்த்குமார் என்றொருவர் வந்தார். கழுத்தில் அட்டை. அதில் "கற்றல் பயணத் துணைவர்" என்று போட்டிருந்தது. சுகுணாவை உட்கார வைத்து, உங்களுக்கு என்னென்ன தெரியும் மேடம் என்று கேட்டார். கேட்டதே போதும் என்று சுகுணா ஆரம்பித்தார். பிரஷர் பார்க்கத் தெரியும், சுகர் பார்க்கத் தெரியும், நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடத் தெரியும், கட்டுப் பிரிக்கத் தெரியும், படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் திருப்பிப் போடத் தெரியும். சொல்லச் சொல்ல அரவிந்த்குமாருக்கு முகம் வாடிக்கொண்டே போனது.

"மேடம், இப்படி எல்லாமே தெரிஞ்சா எப்படி?"

"ஏன் சார், தப்பா?"

"விதி ஏழு, உட்பிரிவு ஆ. ஏற்கெனவே தெரிஞ்சதக் கத்துக்கொடுத்தா எங்களுக்கு மானியம் வராது. தெரியாதவங்களத்தான் நாங்க தெரிஞ்சவங்களா மாத்தணும். தெரிஞ்சவங்கள வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது, சொல்லுங்க."

"அப்ப நேரா பட்டத்தக் குடுத்துருங்களேன்."

"படிக்காதவங்களுக்குப் பட்டம் குடுத்தா கல்வியோட தரம் என்னங்க ஆகுறது?" என்றார் அரவிந்த்குமார். உண்மையிலேயே அவருக்கு மனசு வருந்தியது.

வழி ஒன்று இருந்தது. திட்டத்தில் உள்ள நாற்பத்திரண்டு திறன்களும் விண்ணப்பதாரருக்குத் தெரியாது என்று அரசு அலுவலர் ஒருவரிடம் சான்று வாங்கி வர வேண்டும். அதன் பெயர் அறியாமைச் சான்றிதழ்.

மனு எழுத நானும் கூடப் போனேன். கிராம நிர்வாக அலுவலர் சிவசாமி தங்கமான மனுஷன். மனுவை முழுசாகப் படித்துவிட்டு நிமிர்ந்து, "எத்தன வருசமாம்மா தெரியாது?" என்று கேட்டார்.

"இந்த வருசத்துலேருந்துதான் சார்."

சிவசாமி கம்ப்யூட்டரில் சான்றிதழ்ப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். "சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. வேலை இல்லைன்னு ஒண்ணு இருக்கு. ஆண் வாரிசு இல்லைன்னு ஒண்ணு இருக்கு. அறிவு இல்லைங்கிறதுக்கு அரசாங்கம் இன்னும் படிவம் போடலம்மா. கேட்டு யாரும் வந்திருக்க மாட்டாக." திரும்ப உருட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இந்தா இருக்குல்ல! இயற்கைச் சீற்றத்துல கல்விச் சான்றிதழ்கள இழந்தவங்களுக்கான சான்று. கஜா புயலப்ப நானே எத்தனை பேருக்குப் போட்டேன். இதுல சான்றிதழுங்கிற எடத்துல அறிவுன்னு போட்டுக்கிருவோமா?"

போட்டுக்கொண்டோம். மேற்படி சுகுணாவின் மருத்துவ அறிவு முழுவதும் கஜா புயலில் சேதமடைந்துவிட்டது என்றும், தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றும் நான் எழுதினேன். எழுதும்போது எனக்குக் கை கூசத்தான் செய்தது. அதற்கு அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பக்கத்து வீட்டு அழகம்மாளிடம் போனோம். அந்தம்மாள் பேப்பரை வாங்கித் தூர வைத்தார்.

"இவளுக்கா ஒண்ணுந் தெரியாது? எங்க வீட்டுக்காரரு சுகரு எறங்கி வாயி கொளறிக் கெடந்தப்ப எவ ஓடியாந்தா? பொய்க் கையெழுத்துப் போட்டா எங் கை வெளங்குமா?"

"யக்கா, போடுக்கா. பட்டம்க்கா."

"பட்டம் குடுக்குறவுக தெரியுமான்னுல்ல கேக்கணும்? தெரியாதுன்னு எழுதிக் கேக்குறானுகளே, இதென்னடி கூத்தா இருக்கு!"

அரை மணி நேரம் திட்டிவிட்டு அழகம்மாள் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, "சாயங்காலம் மறக்காம வந்து அவருக்கு சுகர் பாத்துட்டுப் போயிரு," என்றார்.

தாசில்தார் முத்திரையோடு சான்றிதழ் வந்து சேர்ந்தது. அதோடு முடியவில்லை. சான்றிதழை மெய்ப்பிக்க அடிப்படைநிலைத் தேர்வு. நாற்பத்திரண்டு கேள்வி. பத்துக்குக் கீழே எடுத்தால்தான் சேர்க்கை. சுகுணா முதல் தடவை நாற்பத்தொன்று எடுத்தார். போன ஒரு மார்க்கும் வினாத்தாளில் இருந்த அச்சுப்பிழையால் போனது.

"ரொம்ப மோசமான ரிசல்ட் மேடம்," என்றார் அரவிந்த்குமார். "இன்னொரு வாய்ப்பு தர்றோம். தயார் பண்ணிட்டு வாங்க."

தயார் செய்யும் பொறுப்பு ரஞ்சிதாவுக்கு. இருபத்து மூன்று வயது, பி.எஸ்சி. முடித்துவிட்டு எட்டு மாதம் முன்னால் சேர்ந்த பெண். முதல் வாரம் ஊசி எடுத்தால் கை நடுங்கும். சுகுணாதான் தன் கையையே நீட்டி, "இதுல குத்திப் பழகு" என்று பழக்கிவிட்டார். இப்போது திட்டத்தின்படி ரஞ்சிதா சுகுணாவின் வழிகாட்டி. காரணம், பட்டம் ரஞ்சிதாவிடம்தான் இருக்கிறது.

"அக்கா, எனக்கே வெக்கமா இருக்குக்கா," என்றாள் ரஞ்சிதா.

"நீ என்னடி பண்ணுவ. சொல்லிக்குடு, எப்படித் தெரியாம இருக்குறது?"

மூன்று நாள் பதிவேட்டு அறையில் பாடம் நடந்தது. உடல் வெப்பத்தை எதனால் அளப்பீர்கள் என்ற கேள்விக்குத் தராசு என்று குறிக்க வேண்டும். சுகுணாவால் முடியவில்லை. பேனா அதுவாகத் தெர்மாமீட்டருக்குப் போனது. "கண்ண மூடிக்கிட்டுப் போடுங்கக்கா," என்றாள் ரஞ்சிதா. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில் ஆறு மார்க் வந்தது.

தொடக்க விழா வைத்தார்கள். வாசலில் ஃபிளெக்ஸ். அரவிந்த்குமார் மைக்கைப் பிடித்தார். "இந்த மாவட்டத்துலேயே மிகச் சிறந்த தொடக்க அறியாமையோட நம்ம கிட்ட வந்திருப்பவர் சுகுணா மேடம். வெறும் ஆறு மதிப்பெண்! இவங்கள மூணு வருஷத்துல நாப்பத்திரண்டுக்குக் கொண்டுபோவோம். இதுதான் எங்க சாதனை." சுகுணாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல். அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகள் இருபது பேருக்கு மேல் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள், பாவம், எதற்கென்று தெரியாமல்.

மறுநாளிலிருந்து வார்டில் சுகுணாவுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அட்டவணை ஒட்டப்பட்டது. முதல் பருவத்தில் கை கழுவுதல், படுக்கை விரித்தல், நிறுவனத்தின் தொலைநோக்கு. பிரஷர் பார்ப்பது இரண்டாம் பருவத்தில் தெரிய வரும். ஊசி ஏற்றுவது ஐந்தாம் பருவத்தில். நோயாளியுடன் உரையாடல் ஆறாம் பருவத்தில், அதுவும் விருப்பப் பாடம். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அதற்கு "அறியாமை மீறல்" என்று பெயர். மூன்று மீறல் என்றால் நீக்கம். நோயாளியைத் தொட்டுச் செய்கிற மீறல் என்றால் ஒன்றே போதும்.

சுகுணா கட்டுப்பட்டார். நான் பார்த்தேன், அவர் நிஜமாகவே கட்டுப்பட்டார். பட்டம் வேண்டும் அவருக்கு. வாயை மூடிக்கொண்டு படுக்கை விரித்தார். இரண்டாம் படுக்கையில் கருப்பன் என்ற பெரியவர், மாதம் ஒரு தடவை மூச்சிரைப்புக்கு வந்து படுப்பவர். வந்த அன்றைக்குச் சுகுணாவைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். சுகுணா தலையை மட்டும் ஆட்டினார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் தலையாட்டல். பெரியவர் பயந்துவிட்டார்.

"ஏத்தா சுகுணா, நாஞ் செத்துப் போயிட்டனா? ஏன் பேச மாட்டேங்குற?"

சுகுணா விறுவிறுவென்று பதிவேட்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். "பேசக்கூடாதாம்ணே. ஆறாவது பருவம் வரைக்கும் பேசக்கூடாதாம். என்னா எழவுண்ணே இது," என்றார். தண்ணீர் கொடுத்தேன்.

தினமும் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கற்றல் நேரம். அந்த இரண்டு மணி நேரம் அவர் எந்த வேலையும் பார்க்கக் கூடாது. வேலை பார்த்துக்கொண்டே கற்றால் அது வேலைக் கணக்கில் சேர்ந்துவிடுமாம், வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் அது கற்றலாம். துணி அடுக்கும் அறையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி படுக்கை விரிப்பதைக் கையடக்கக் கணினியில் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி வரும்: இதைப் பார்த்தபோது உங்கள் மனத்தில் என்ன தோன்றியது? சுகுணா எழுதினார்: "அங்கிட்டு மூணாம் பெட்டுல மணி அடிக்கிது. யாரும் போகல." பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது: "உணர்வில் போதிய ஆழம் இல்லை. மீண்டும் சமர்ப்பிக்கவும்."

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. பிச்சையம்மாள் என்ற கூலிக்கார அம்மாளை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, வாந்தி. ஆள் துவண்டு கிடந்தார். கண் உள்ளே போய்விட்டது. பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் தியேட்டரில் பிரசவ ஆபரேஷனில் இருந்தார். உடனே குளுகோஸ் ஏற்றச் சொல்லி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

ரஞ்சிதா வலது கையில் இரண்டு தடவை, இடது கையில் இரண்டு தடவை குத்தினாள். நரம்பு சுருங்கிக் கிடந்தது. கிடைக்கவில்லை. பிச்சையம்மாளின் மகன் வார்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். ரஞ்சிதா ஊசியை வைத்துவிட்டுத் துணி அறைக்கு ஓடினாள்.

அன்றைக்குப் பார்த்து அரவிந்த்குமார் திடீர் ஆய்வுக்கு வந்திருந்தார். திடீர் ஆய்வு என்று ஒரு வாரம் முன்பே கடிதம் போட்டிருந்தார்கள். சுகுணா கற்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாலு குத்து குத்திட்டேன். கெடைக்கல. பிரஷர் அறுபதுக்கு வந்துருச்சுக்கா."

சுகுணா கணினியைப் பார்த்தார். அரவிந்த்குமாரைப் பார்த்தார்.

"மேடம், அது அஞ்சாம் பருவம்," என்றார் அரவிந்த்குமார். "உங்களுக்குத் தெரியாது."

சுகுணா எழுந்து போனார். நான் வார்டு ஓரம் நின்றிருந்தேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பிச்சையம்மாளின் முழங்கைக்குக் கீழே சுற்றினார். கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டார். துணியை எடுத்துவிட்டு மேலே கட்டு இறுக்கிக் கட்டி, கட்டைவிரலுக்கு மேல்பக்கம் விரலால் தடவினார். அவர் கையைப் பார்க்கவே இல்லை. பிச்சையம்மாளின் முகத்தைப் பார்த்து, "ஏத்தா, இங்க பாரு. என்னயப் பாரு. எந்த ஊரு நீயி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீல நிற வென்ஃப்ளானை வாங்கினார். ஒரே குத்து. ரத்தம் வந்தது, பாட்டிலைத் திறந்தார்கள், ஓடியது.

இரண்டு பாட்டில் ஏறியதும் பிச்சையம்மாள் முழித்துக்கொண்டு, காப்பி கேட்டார்.

அரவிந்த்குமார் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிட்டார். அன்றைக்கே அறிக்கை அனுப்பினார். நகல் எனக்கு வந்தது. "பழகுநர் தமக்குத் தெரியாத ஒரு செயலை எந்தத் தவறும் இன்றிச் செய்தார். தவறே இல்லாததால், அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது. மேலும் அவர் நோயாளியிடம் பேசினார்."

நாலு நாளில் விசாரணைக் கூட்டம். சென்னையிலிருந்து தர உறுதிப் புலத் தலைவர் முனைவர் புவனேஸ்வரி வந்தார். நடுவில் அவர், வலப்பக்கம் எங்கள் நிர்வாக அலுவலர் உதயசூரியன், இடப்பக்கம் அரவிந்த்குமார். எதிர் நாற்காலியில் சுகுணா. மூலையில் நான், குறிப்பெடுக்க. பேசியதைப் பேசியபடி எழுத வேண்டும் என்று உத்தரவு.

"சுகுணா, இது தண்டனைக் கூட்டம்னு நினைக்காதீங்க," என்று ஆரம்பித்தார் புவனேஸ்வரி. "அறிவுங்கிறது ஒரு வரிசையில வரணும். அஞ்சாம் பருவத்துல வர வேண்டியது முதல் பருவத்துலேயே வந்துட்டா, நடுவுல இருக்கிற மூணு பருவத்துக்கு நாங்க எதுக்கு இருக்கோம்?"

"தெரியலங்க மேடம்."

"அதேதான் என் கேள்வியும்," என்றார் அவர். பிறகு, தான் சொன்னது சரியாக வரவில்லையோ என்று கொஞ்சம் யோசித்தார். என்னைப் பார்த்தார். நான் எழுதி முடித்திருந்தேன்.

"அந்தம்மா செத்துப் போயிருப்பாங்க மேடம்," என்றார் சுகுணா.

"போயிருந்தா அது மருத்துவமனைப் பிரச்சினை. அதுக்கு உங்க கிட்ட தனிப் படிவம் இருக்கு. பிழைச்சதாலதான் இது பல்கலைக்கழகப் பிரச்சினை ஆயிடுச்சு."

உதயசூரியன் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கும் நோயாளிங்க முக்கியந்தான் மேடம், அதுல சந்தேகமே வேணாம். ஆனா பாருங்க, நோயாளி அஞ்சு நாள்ல வீட்டுக்குப் போயிருவாங்க. உங்க கூடப் போட்ட ஒப்பந்தம் அஞ்சு வருசம்." இதைச் சொல்லிவிட்டு, நியாயமாகப் பேசிவிட்ட திருப்தியில் பின்னால் சாய்ந்தார்.

புவனேஸ்வரி ஒரு தாளைச் சுகுணாவின் பக்கம் நகர்த்தினார். படிவம் பத்தொன்பது. "உங்கள நீக்குறது எங்களுக்கும் சங்கடம். நீங்கதான் எங்க விளம்பரத்துல இருக்கீங்க. அதனால சுலபமா முடிச்சுக்கலாம். ரெண்டே வரி. கையெழுத்துப் போட்டா படிப்பு தொடரும், வார்டும் தொடரும்."

தாளில் இருந்தது இதுதான்: "நான் மேற்படி செயலைத் தெரியாமல் செய்துவிட்டேன். இனித் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்."

"போட்டுரும்மா," என்றார் உதயசூரியன். "தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டுப் போயிரு. ஊருல எவன்தான் சொல்லல?"

அதுவும் உண்மைதான். பஸ்ஸில் காலை மிதித்தவர் சொல்கிறார். அடுத்தவர் வரப்பைச் சேர்த்து உழுதவர் சொல்கிறார். பஞ்சாயத்தில் நிற்கிற அத்தனை பேரும் முதலில் சொல்வது அந்த வார்த்தைதான். என் சர்வீஸில் நானே மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றும் தெரிந்து செய்ததுதான். அதனால் சுகுணாவும் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போட்டுவிட வேண்டும் என்றும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. தராசு என்று குறித்தவர்தானே. புயலில் அறிவு போய்விட்டது என்று கையெழுத்துப் போட்டவர்தானே. இதில் என்ன வந்தது?

சுகுணா பேனாவை எடுத்தார். தாளைப் படித்தார். நெடுநேரம் படித்தார், அதில் இருப்பது இரண்டே வரி.

"மேடம், இதுல கையெழுத்துப் போட மாட்டேங்க."

"ஏன்?"

"இதுவரைக்கும் தெரியாது தெரியாதுன்னு எத்தனையோ எடத்துல போட்டேன். அது என்னயப் பத்துன பொய்யி. போனாப் போகுதுன்னு போட்டேன். இது அந்தம்மாவப் பத்துனது." தாளை விரலால் தட்டிக் காட்டினார். "தெரியாம ஒருத்திக்கு ஊசி போட்டேன்னு நான் எழுதிக் குடுத்தா, அதுதாங்க குத்தம். அதுக்குத்தான் என்னய உள்ள வைக்கணும். பிரஷரு அறுபதுல கெடக்குறவ கையில தெரியாமக் குத்துவாகளா? தெரியாமக் குத்துறவகிட்ட ஒங்க வீட்டு ஆளக் கொண்டாந்து படுக்க வைப்பீகளா?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க."

"ஆமா, படுறேன். ரெண்டு வருசம் படிச்சேன். பன்னெண்டு வருசமா குத்துறேன். அந்தம்மா கையத் தொட்டவொடனே எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் செஞ்சேன். நாளைக்கு வந்தாலும் தெரிஞ்சுதான் செய்வேன். ஆத்மநாதண்ணே, இத அப்புடியே எழுதுங்க."

"அதெல்லாம் எழுத வேணாம்யா," என்றார் உதயசூரியன்.

பேசியதைப் பேசியபடி எழுத வேண்டும் என்பது உத்தரவு. எழுதினேன். எழுதிவிட்டு அடிக்கோடும் போட்டேன். அது உத்தரவில் இல்லை.

சுகுணா படிவம் பத்தொன்பதில் "தெரியாமல்" என்பதை இரண்டு இடத்திலும் அடித்துவிட்டு, மேலே "தெரிந்தே" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். புவனேஸ்வரி அதைப் படித்தார். "இனித் தெரிந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்ற வரியில் அவருக்குக் கண் சற்று நின்றது. பிறகு கோப்பை மூடினார்.

"வேற வழி இல்ல. திட்டத்துலேருந்து உங்கள நீக்குறோம். இந்த நிமிஷத்துலேருந்து நீங்க எங்க பழகுநர் இல்லை. மூணு வருஷத்துல கிடைக்க வேண்டிய பட்டத்த நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்க."

"ஏப்ரல் ஒண்ணாந்தேதிலேருந்து துணி துவைக்கிற எடம்மா," என்றார் உதயசூரியன். "நான் அப்பவே சொன்னேன்."

பட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் சுகுணாவின் கண் நிரம்பிவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். மூன்று பேரையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. நான் கேட்கவில்லை, எனக்கு இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

அப்போது கதவு திறந்தது. ரஞ்சிதா. கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் உதயசூரியன்.

"சார், ஏழாம் பெட்டு. சின்னப் புள்ள சார், காய்ச்சலு. நரம்பே கெடைக்கல. டாக்டரும் பாத்துட்டாரு, சுகுணாவக் கூப்புடுன்னு சொல்லிட்டாரு."

அரவிந்த்குமார் அட்டவணையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சுகுணா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மேடம், நான் இப்ப ஒங்க படிப்புல இல்லைல்ல?"

"இல்லை."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும். இப்பதானே நீக்கினோம்."

"அப்பன்னா இனிமே எனக்கும் தெரியலாம்," என்று சொல்லிவிட்டுச் சுகுணா ரஞ்சிதாவின் பக்கம் திரும்பினார். "ஆத்தாள, புள்ளைய மடியில தூக்கி வச்சுக்கிட்டு உக்காரச் சொல்லுடி. வாரேன்."